பிடிக்கும்போது கேட்கவில்லை

2024 செப்டம்பர் கடைசியில் என் சித்தி மகன் ஓசூரிலிருந்து மூட்டை முடிச்சோடு பென்னாகரம் வந்து இறங்கினான். வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், ஒப்பந்தக்காரர் மூலமாக, 44 மாசம் வேலை பார்த்தவன். ஆர்டர் குறைந்தது, ஒரு லைனை மூடினார்கள், அந்த லைனில் நின்றவர்களை அனுப்பிவிட்டார்கள். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி, அவ்வளவுதான்.

இரண்டு மாசம் காத்திருந்து பிஎஃப் பணத்தை எடுத்தான். கணக்கில் இருந்தது 95,200 ரூபாய். கைக்கு வந்தது 85,680. மீதி 9,520 எங்கே என்று பிரவுசிங் சென்டரில் கேட்டிருக்கிறான். "அது டிடிஎஸ். கவர்மெண்டு பிடிச்சிருக்கு. ரிட்டர்ன் போட்டா திரும்பி வரும்" என்றார்களாம். ரிட்டர்ன் போட எவ்வளவு? "சம்பளம் மட்டும்னா ஐந்நூறு. உனக்கு பிசினஸும் இருக்கே தம்பி, ஆயிரத்து ஐந்நூறு ஆவும்."

பிசினஸ் என்னவென்றால், வேலை போன பிறகு ஒரு குடோனுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தான். ஒரே பில், 34,000 ரூபாய். அதில் 1 சதவீதம், 340 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை வங்கியில் போட்டார்கள். அந்த 340 ரூபாய்தான் அவனைத் தொழிலதிபர் ஆக்கிவிட்டது.

"ண்ணா, வேலை போயி ஊட்ல உக்காந்துருக்கறன். பிசினஸ்ன்றாங்க. வரி வேற பிடிச்சிருக்காங்க. நான் என்ன பணக்காரனா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த ஐந்நூறும் ஆயிரத்து ஐந்நூறும் எனக்குப் பழக்கப்பட்ட தொகைகள். பி.காம். முடித்துவிட்டு ஒன்றரை வருஷம் தர்மபுரியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அரசாங்க இணையதளத்தில் ஒரு பைசா கட்டணம் இல்லாமல் செய்யக்கூடிய வேலைக்கு, பத்து நிமிஷம் தட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளின் செருப்பைப் பார்த்து விலை சொல்லக் கற்றுக்கொண்டவன் நான். ஆகையால் இதை வெளியே நின்று கல்லெறிகிற ஆளின் கட்டுரையாக யாரும் படிக்க வேண்டாம்.

*

முதலில் அந்த 9,520 ரூபாயைப் பார்ப்போம். கணக்கு அலுப்பாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அலுப்பாக இருப்பதால்தான் இந்த அநியாயம் யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவனுக்கு பிஎஃப்-க்குக் கணக்கிட்ட சம்பளம் 12,000. அதில் 12 சதவீதம், மாசம் 1,440 ரூபாய், அவன் கூலியிலிருந்து போனது. முதலாளி பங்கில் பெரும்பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். பிஎஃப் கணக்கில் விழுவது மாசம் 440. ஆக 44 மாசத்தில் அவன் போட்டது 63,360, முதலாளி போட்டது 19,360, வட்டி 12,480. மொத்தம் 95,200.

ஐந்து வருஷம் முடியாமல் பணத்தை எடுத்தால் வரி உண்டு என்கிறது சட்டம். சரி, எதற்கு வரி? முதலாளி பங்குக்கும் வட்டிக்கும். தன் கூலியிலிருந்து போட்டதற்கு, முன்னால் அதைக் காட்டி வரிச்சலுகை வாங்கியிருந்தால் ஒழிய, வரி இல்லை. இவன் வாழ்நாளில் வரிச்சலுகை கேட்டதில்லை. அப்படியானால் வரிக்குரிய தொகை 19,360-உம் 12,480-உம் சேர்ந்து 31,840. ஆனால் பிடித்தது 95,200-க்கும் சேர்த்து 10 சதவீதம். 31,840-க்கு 9,520 என்றால் என்ன விகிதம்? கிட்டத்தட்ட 30 சதவீதம். இந்த நாட்டில் வருமான வரியின் உச்சபட்ச அடுக்கு 30 சதவீதம். வேலை இழந்து ஊர் திரும்பிய பெயின்டரிடம் கோடீஸ்வரன் விகிதத்தில் பிடித்திருக்கிறார்கள்.

அந்த நிதியாண்டில் அவனுடைய ஆறு மாசச் சம்பளம் 87,000. அதோடு இந்த 31,840, பெயின்ட் வேலை 34,000. செலவைக் கழிக்காமலே கூட்டினாலும் ஒன்றரை லட்சம் சொச்சம். அந்த ஆண்டு புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரி கிடையாது, தள்ளுபடியோடு சேர்த்தால் 7 லட்சம் வரைக்கும் கிடையாது. அவன் பணம் அரசாங்கத்திடம் மாட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், 2025 பிப்ரவரி 1 அன்று, நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்தில் எழுந்து இனி 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவித்தார். டீக்கடை டிவியில் கைதட்டல். என் தம்பி அதைப் பார்த்துக்கொண்டுதான் டீ குடித்தான்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. உடல்நலக் கேட்டாலோ, முதலாளியின் தொழில் சுருங்கியதாலோ, தொழிலாளியின் கைமீறிய வேறு காரணத்தாலோ வேலை போனால், ஐந்து வருஷம் முடியாவிட்டாலும் அந்தப் பணத்துக்கு வரியே கிடையாது. 1961 வருமான வரிச் சட்டத்தின் நான்காம் அட்டவணையிலேயே இது இருந்தது. லைனை மூடி அனுப்புவது தொழில் சுருங்குவதில்லாமல் வேறென்ன? ஆனால் வேலையை விட்ட காரணத்தைப் பதிவு செய்தது முதலாளி தரப்பு. குறைந்த காலப் பணி முடிந்தது என்கிற பொதுவான காரணத்தைத் தட்டிவிட்டார்கள். துரத்தினாலும் அதே பெட்டி, தானாக விலகினாலும் அதே பெட்டி. யாருக்கு வேலை போனதோ அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அப்போது ஃபார்ம் 15ஜி என்று ஒன்று இருந்தது. என் வருமானம் வரி வரம்புக்குக் கீழே, பிடிக்காதீர்கள் என்று எழுதிக் கொடுப்பது. பிஎஃப் கேட்டு விண்ணப்பிக்கும்போதே அதையும் ஏற்றியிருந்தால் ஒரு ரூபாய் பிடித்திருக்க மாட்டார்கள். அவனுக்குத் தெரியாது. தட்டிக் கொடுத்தவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு நியாயம் அவருக்கு உண்டு. இப்போது பிடித்தால்தானே ஜூலையில் இன்னொரு முறை வருவான்?

*

இந்த மாவட்டத்திலிருந்து வெளியே போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். அரூரிலிருந்தும் மொரப்பூரிலிருந்தும் திருப்பூருக்குப் போகிறவர்கள், பாலக்கோட்டிலிருந்தும் காரிமங்கலத்திலிருந்தும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிற பெண்பிள்ளைகள். இவர்களில் எத்தனை பேர் ஒரே இடத்தில் ஐந்து வருஷம் இருக்கப் போகிறார்கள்? கல்யாணம் வரைக்கும் இரண்டு மூன்று வருஷம் வேலைக்குப் போய், அந்த பிஎஃப்-ஐ எடுத்துத் தோடு வாங்கிய அக்காக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். 50,000-ஐத் தொட்டுவிட்டால் அவர்களிடமும் இதே 10 சதவீதம். பான் எண் இல்லாவிட்டால் 20. ஐந்து வருஷக் கணக்கை எழுதியவர் மனதில் இருந்தது, வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ சேர்ந்து அங்கேயே ஓய்வு பெறுகிற ஆள். இடையில் எடுப்பவனை அவர் பொறுப்பில்லாதவனாகப் பார்க்கிறார். எங்கள் ஊர்க்காரன் எடுப்பது அடுப்பு எரிய.

2025 அக்டோபரில் பிஎஃப் நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு கூடி, வேலை போனால் முக்கால்வாசிப் பணத்தை உடனே எடுக்கலாம், ஆனால் கணக்கை முழுசாக முடிக்க 2 மாசத்துக்குப் பதில் 12 மாசம் காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. சேமிப்பைக் காப்பாற்றத்தானாம். சேமிப்பைக் காப்பாற்ற அவ்வளவு அக்கறை இருப்பவர்கள், எடுக்கும்போது அதன் மேல் கூடுதலாகப் பிடித்த பத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பதிலும் அந்த அக்கறையைக் காட்டலாமே.

*

இனி அந்த 'இலவசம்' விஷயத்துக்கு வருகிறேன். வருமான வரித்துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் ரிட்டர்ன் போடலாம். உண்மை. நானே போட்டிருக்கிறேன். இந்தப் புதிய அமைப்புக்காக 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தொகை சுமார் 4,242 கோடி ரூபாய். இன்ஃபோசிஸ் கட்டியது, 2021 ஜூன் 7 அன்று திறந்தபோது தடுமாறி, நிதியமைச்சரே பொதுவெளியில் கண்டிக்கும் அளவுக்குப் போய், பிறகு சரியானது. இன்று ஒழுங்காக ஓடுகிறது. மாசச் சம்பளக்காரர் உள்ளே போனால் சம்பளம், வட்டி, பிடித்த வரி எல்லாம் முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும். சரி, சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனால் முடிந்தது. அந்தப் படிவத்துக்கு 'சஹஜ்' என்று பெயர். எளிது என்று பொருள்.

என் தம்பிக்கு அது கிடையாது. தொழில் வருமானம் ஒரு ரூபாய் இருந்தாலும் சஹஜ் போட முடியாது. 340 ரூபாய் பிடித்த அந்தப் பெயின்ட் பில் அவனை ஐடிஆர்-4-க்குத் தள்ளிவிட்டது. அதன் பெயர் 'சுகம்'. சத்தியமாக அதுதான் பெயர். அந்த சுகத்தில் நான் இரண்டு சாயந்திரம் உட்கார்ந்திருந்தேன். தொழில் குறியீட்டு எண் என்ன? வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாமா? 95,200-ஐ எந்தக் கட்டத்தில் காட்டுவது, அதில் அவனே போட்ட 63,360-ஐ எங்கே கழிப்பது? வரவைக் காட்டாமல் டிடிஎஸ்-ஐ மட்டும் கேட்டால் குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று நோட்டீஸ் வரும், 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். அனுப்பிய பிறகு 30 நாளுக்குள் ஓடிபி போட்டு உறுதிசெய்யாவிட்டால் போட்டது கெடும். ஆதாரில் இருந்ததோ அவனுடைய பழைய நம்பர். அந்த சிம் ஓசூரிலேயே தொலைந்துபோனது. அதை மாற்ற ஒரு நாள் அலைந்தான், அந்த நாள் கூலி போனது. நான் பி.காம். படித்தவன், இதே வேலையை ஒன்றரை வருஷம் செய்தவன். எனக்கே இரண்டு சாயந்திரம்.

மாசம் இரண்டு லட்சம் சம்பளம் வாங்குகிற ஐடி ஊழியருக்கு எளிய படிவம். நாலு இடத்தில் நாலு விதமாகப் பிழைத்து வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் பார்த்தவனுக்குக் கடினமான படிவம். வரி இல்லாதவனின் கணக்குத்தான் இந்த நாட்டில் சிக்கலான கணக்கு. அவன் பிழைப்பு அப்படித் துண்டு துண்டாக இருக்கிறது. தனியார் தளங்களின் 'இலவசம்' இன்னும் மோசம். சம்பளம் மட்டும் என்றால் இலவசம் என்று உள்ளே கூப்பிடுவார்கள்; கடைசிப் பக்கத்தில் தொழில் வருமானம் என்று தெரிந்ததும் கட்டணம் கேட்பார்கள். அவ்வளவு தூரம் நிரப்பியவன் எழுந்து போகமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.

*

இது நம் ஊர் நோய் மட்டுமில்லை. அமெரிக்காவில் வேலை இழந்தவருக்கு மாநில அரசு படி தருகிறது. அந்தப் படிக்கு மத்திய வருமான வரி உண்டு. மாநில வரியாகக் கூடுதலாகக் கட்டியது திரும்பி வந்தால், அதையும் சிலர் அடுத்த ஆண்டு வருமானமாகக் காட்ட வேண்டும். இரண்டையும் தெரிவிக்கிற படிவம் ஒன்றே: 1099-ஜி. டர்போடாக்ஸ் என்கிற மென்பொருளை விற்கும் இன்ட்யூட் நிறுவனம் இலவசம், இலவசம் என்று டிவியில் கூவி விற்றது. ஆனால் அந்த இலவசப் பதிப்பு 'எளிய' கணக்குக்கு மட்டும்தான். வேலையிழப்புப் படி வாங்கியதைச் சொன்னால் கட்டணப் பதிப்புக்குப் போ என்று சொன்ன ஆண்டுகள் உண்டு. வேலை போனது எளிய விஷயம் இல்லையாம்.

50 மாநிலங்கள் சேர்ந்து கேள்வி கேட்டு, 2022-இல் அந்த நிறுவனம் சுமார் 44 லட்சம் பேருக்காக 14.1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்த இலவச விளம்பரம் ஏமாற்று என்று 2024 ஜனவரியில் மத்திய வணிக ஆணையம் தீர்ப்பளித்தது; நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. அதே ஆண்டு அமெரிக்க வரித்துறை 12 மாநிலங்களில் 'டைரக்ட் ஃபைல்' என்ற சொந்த இலவசச் சேவையைத் தொடங்கியது. வேலையிழப்புப் படி வாங்கியவர்களையும் அது சேர்த்துக்கொண்டது. 2025-இல் 25 மாநிலங்களுக்கு விரிந்தது. 2026-க்கு அதை நிறுத்திவிட்டார்கள். அங்கே இலவசத்தைக் கம்பெனி சுருக்கியது, இங்கே படிவம் சுருக்குகிறது. இரண்டு இடத்திலும் வெளியே நிற்பது வேலை போனவன்.

*

நண்பர்களிடம் இதைச் சொன்னால் மூன்று பதில் வரும்.

ஒன்று, "ஐந்நூறு ரூபாய்தானே ப்ரோ." தர்மபுரியில் ஐந்நூறு ஒரு நாள் கூலி. தவிர, தன் பணத்தைத் திரும்ப வாங்க ஏன் ஐந்நூறு கொடுக்க வேண்டும்? 340 ரூபாய் மட்டும் பிடித்திருந்தால் அவன் கேட்டே இருக்க மாட்டான். கேட்கச் செலவு 500, கிடைப்பது 340. அப்படிக் கேட்காமல் விட்ட பணமெல்லாம் அரசாங்கத்தில்தான் தங்குகிறது.

இரண்டு, "டிடிஎஸ் இல்லாட்டி எல்லாரும் ஏமாத்துவாங்க." டிடிஎஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிடிப்பதற்குக் கணக்கு வழக்கு வைத்திருப்பவர்கள், தருவதற்கும் அதே கணக்கு வழக்கைப் பயன்படுத்தலாம் என்கிறேன். பொய் ரீஃபண்ட் கேட்டு மோசடி நடக்கிறது, உண்மை. எப்படி நடக்கிறது? இல்லாத நன்கொடை, இல்லாத வாடகை என்று கழிவு காட்டி. ஒரு கழிவும் கேட்காதவனுக்கு, அரசாங்கம் தன் ஏட்டில் பிடித்து வைத்திருக்கிற தொகையை மட்டும் திருப்புவதில் எங்கே மோசடி?

மூன்றாவது பதில்தான் எனக்குக் கோபம் வரவைப்பது. "கத்துக்க வேண்டியதுதானே. யூட்யூப்ல எல்லாம் இருக்கு." இருக்கிறது. ஆனால் சட்டத்தை எழுதுகிறவர்களே ஏழையின் ரீஃபண்டை மறந்துபோகிறார்கள். 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த புதிய வருமான வரி மசோதாவில், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால்தான் ரீஃபண்ட் கேட்க முடியும் என்று ஒரு விதி இருந்தது. ஒரு நாள் தாண்டினால் பணம் போச்சு. பைஜயந்த் பாண்டா தலைமையிலான நாடாளுமன்றத் தேர்வுக் குழு அதை நீக்கச் சொன்னது. ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. ஆனால் வரி வரம்புக்குக் கீழே இருந்தும் டிடிஎஸ் போனவன் ஒருவன் இருக்கிறான் என்பது, வரைவை எழுதிய மேசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கே தோன்றாததைப் பென்னாகரத்துப் பையன் யூட்யூபில் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

*

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை.

பிஎஃப் எடுக்கும்போது தொழிலாளி தன் கூலியிலிருந்து போட்ட பங்கில் கை வைக்காதீர்கள். பிடிக்காதீர்கள் என்கிற படிவத்தைத் தனியாக ஏற்றச் சொல்லாமல், விண்ணப்பத்திலேயே தமிழில் ஒரு கேள்வியாகக் கேளுங்கள். வேலை ஏன் போனது என்று போனவனையும் கேளுங்கள். ஆள்குறைப்பு என்று அவன் சொன்னால் விசாரியுங்கள், பிறகு பிடியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரீஃபண்டைத் தானாகத் தாருங்கள். 2021 நவம்பரிலிருந்து ஒவ்வொரு பான் எண்ணுக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கை வைத்திருக்கிறீர்கள். எங்கே சம்பளம், எங்கே வட்டி, யார் எவ்வளவு பிடித்தார் எல்லாம் அதில் இருக்கிறது. வங்கிக் கணக்கும் தெரியும். மொத்தத்தையும் கூட்டிப் பார்த்து வரம்புக்குக் கீழே இருந்தால், 'உங்கள் பணம் 9,860 ரூபாய் எங்களிடம் இருக்கிறது. அனுப்பலாமா?' என்று ஒரு குறுஞ்செய்தி. ஆம் என்றால் முடிந்தது. நியூசிலாந்து 2019-லிருந்து பெரும்பாலான சம்பளக்காரர்களுக்கு இப்படித்தான் கேட்காமலே கணக்குப் போட்டு ரீஃபண்ட் அனுப்புகிறது. இந்த நாட்டில் தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தள்ளுவண்டிக்காரரிடம் க்யூஆர் கோடு இருக்கிற நாடு இது.

அதுவரைக்கும், இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று. உங்களில் பாதிப் பேர் சஹஜ் ஆட்கள்; ஆறு நிமிஷத்தில் முடித்துவிட்டு ரீஃபண்ட் வந்ததை ஸ்டோரியில் போடுகிறவர்கள். ஊருக்குப் போகும்போது, வேலையை விட்டு வந்த ஒரு ஆளின் 26ஏஎஸ்-ஐத் திறந்து பாருங்கள். வரம்புக்குக் கீழே இருப்பவருக்குத் தாமதக் கட்டணம் கிடையாது என்று சொல்லுங்கள்; அந்த 'ஃபைன்' பணத்தையும் சேர்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் 31 வரை தாமதமாகவும் போடலாம் என்று சொல்லுங்கள். காசு வாங்காதீர்கள். நான் வாங்கியதைத்தான் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

2025 செப்டம்பரில், நீட்டித்த கெடுவுக்குள், அவன் ரிட்டர்னைப் போட்டோம். அக்டோபரில் பணம் வந்தது. 9,860, அதற்கு வட்டி 343. முழுமையாக்கி 10,200 ரூபாய். அந்த வட்டியும் வருமானம்தான், அடுத்த தடவை ரிட்டர்ன் போட்டால் அதையும் காட்ட வேண்டும் என்று சொன்னேன்.

"அவங்க தப்பா பிடிச்சி, லேட்டா குடுத்ததுக்கு வட்டி. அதுக்கும் நான் வரி கட்டணுமாண்ணா?"

"கட்ட வேணாம்டா. காட்டணும், அவ்ளோதான்."

"காட்டறதுக்குத்தாண்ணா ஐந்நூறு கேக்கறாங்க" என்றான்.